பிக்கப்பை மாற்றுவதற்கு முன்

தேர் இழுத்து முடிந்து, இரவில் இசைக்குழு மேடையேறும் நேரத்தில், றொசல்ல பக்கத்துத் தோட்டங்களில் கிட்டார் வாசிக்கும் இளைஞர்களிடம் பேச்சுக் கொடுத்தால் மூன்று குறைகளில் ஒன்றைச் சொல்வார்கள். சத்தம் மொட்டையாக இருக்கிறது. அல்லது கீச்சென்று காதைக் குத்துகிறது. அல்லது கை வைக்காத நேரத்திலும் ‘ம்ம்ம்’ என்று இரைகிறது. மூன்றுக்கும் அவர்கள் கேள்விப்பட்ட மருந்து ஒன்றுதான்: பிக்கப்பை மாற்று. அதற்கான காசு பெரும்பாலும் கொழுந்து பறிக்கும் அம்மாவின் சம்பளத்திலிருந்தோ, கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணனிடமிருந்தோ வருகிறது. ஆகவே அந்தச் சின்னப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வது மிக முக்கியம். மூன்று குறைகளுக்கும் காரணம் வேறு வேறு. அவற்றில் சில ஒரு சதமும் செலவில்லாமல் தீரக்கூடியவை.

பிக்கப் என்பது அடிப்படையில் காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பியும்தான். பழைய பாணியிலான ஒற்றைச் சுருள் பிக்கப்பை எடுத்துக்கொண்டால், ஆறு தந்திகளுக்கும் நேர் கீழே ஆறு காந்தத் தண்டுகள் நிற்கும். அவற்றைச் சுற்றி 0.063 மில்லிமீற்றர் விட்டமுள்ள, எனாமல் பூசிய கம்பி ஏறத்தாழ 8,000 சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். அவிழ்த்து நீட்டினால் ஒரு கிலோமீற்றரைத் தாண்டும். காந்தத் தண்டு தனக்கு மேலேயுள்ள உருக்குத் தந்தியையும் காந்தமாக்குகிறது. தந்தி அசையும்போது சுருளை ஊடறுக்கும் காந்தப் பாயம் கூடிக் குறைகிறது; பாயம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. சாதாரண தரத்துக்கு விஞ்ஞானம் படித்த பிள்ளைகள் எல்லோரும் காந்தத்தையும் சுருளையும் வைத்துப் படம் கீறியிருப்பார்கள். இங்கே பிறக்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. அதைத்தான் அம்ப் பல மடங்கு பெருக்கித் தருகிறது.

பிக்கப் காற்றின் அதிர்வை உணர்வதில்லை. காந்தத்துக்கு இணங்கும் உலோகத்தின் அசைவை மட்டுமே உணர்கிறது. அதனால்தான் நைலோன் தந்தி போட்ட கிட்டாருக்கு இந்த வகைப் பிக்கப்பைப் பொருத்தினால் சத்தமே வராது. அதற்கு அழுத்தத்தை மின்னாக மாற்றும் பீசோ வகை வேண்டும். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜோர்ஜ் பீச்சம் என்பவர் குதிரைலாட வடிவக் காந்தங்களை வைத்து இந்தக் கருவியைச் செய்தபோது, அதை முதலில் பொருத்தியது மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் கிட்டாரில். 1932இல் அது விற்பனைக்கு வந்தது. காப்புரிமை 1937இல் கிடைத்தது. பெரிய வாத்தியக் குழுவின் நடுவே கிட்டாரின் மெல்லிய சத்தம் அமுங்கிப்போகிறது என்ற ஒரே கவலைதான் அன்று அவர்களுக்கு இருந்தது. ஆனால் பிக்கப் செய்த மாற்றம் சத்தத்தைக் கூட்டியதோடு நிற்கவில்லை.

அந்த மாற்றத்தை நம் இசைக்குள்ளேயே ஒருவர் காட்டினார். ஆந்திராவின் பாலகொல்லுவில் 1969இல் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ், 1981இல் சென்னையின் டிசம்பர் இசை விழாவில் மாண்டலினுடன் மேடையேறியபோது அவர் சிறுவன். சாதாரண மாண்டலினில் எட்டுத் தந்திகள், இரண்டிரண்டாக நான்கு சோடி. இரண்டு தந்தியையும் ஒரே அளவில் இழுத்து நெளித்துக் கமகம் கொடுப்பது கடினம். அத்தோடு, மாண்டலினின் ஒலி தட்டியவுடன் செத்துவிடும். ஸ்ரீநிவாஸ் ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட, திண்ணமான மரத்தாலான மின் மாண்டலினை எடுத்துக்கொண்டார். தந்தியின் ஆற்றல் எங்கே போகிறது என்று பார்த்தால் இந்தத் தெரிவின் அருமை விளங்கும். பெட்டியுள்ள வாத்தியத்தில் தந்தியின் அதிர்வு குதிரை வழியாக மெல்லிய மேற்பலகைக்குப் போகிறது, பலகை காற்றை அசைக்கிறது, நமக்குக் கேட்கிறது. கேட்கக் கேட்கத் தந்தியின் ஆற்றல் தீர்ந்துகொண்டே வரும். திண்ணமான கட்டையில் அந்தக் கசிவு மிகக் குறைவு. தந்தி நெடுநேரம் அசைந்துகொண்டிருக்கும். காற்றில் அதன் சத்தம் கிட்டத்தட்ட இல்லாவிட்டாலும் பிக்கப் அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மீட்டில் எழுந்த சுரத்தை இழுத்து, வழுக்கி, அசைத்து முடிக்கும்வரை ஒலி உயிரோடிருக்கும். மேற்கத்திய வாத்தியம் என்று முகம் சுளித்தவர்களும் பின்னர் அவரைக் கொண்டாடினார்கள். 2014 செப்டம்பரில், 45 வயதில் அவர் மறைந்தது பெரிய இழப்பு. மின் கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னாவுக்கும் இதே பௌதிகம்தான் துணை நிற்கிறது. நம் நாட்டில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோரின் பொப்பிசைப் பாடல்கள் வழியாக மேடைக்குப் பழகிய கிட்டார், தாளத்துக்கு மட்டுமானது என்று எண்ணுகிற இளைஞர்கள் ஸ்ரீநிவாஸை ஒரு முறையாவது காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

சரி, ஒரே தந்தி, ஒரே காந்தம், ஒரே சுருள் என்றால் குரல் ஏன் மாறுகிறது? முதற் காரணம், பிக்கப் இருக்கும் இடம்.

மீட்டிய தந்தி முழு நீளத்துக்கும் ஒரே வளைவாக அசைவதோடு, அரைவாசி, மூன்றிலொன்று, காற்பங்கு என்று துண்டு துண்டாகவும் ஒரே நேரத்தில் அசைகிறது. முழு நீள அசைவு அடிப்படைச் சுரத்தைத் தருகிறது. துண்டு அசைவுகள் மேற்றொனிகளைத் தருகின்றன. மேற்றொனிகள் எந்தக் கலவையில் சேர்கின்றன என்பதே குரலின் நிறம். ஸ்ட்ரற்றோகாஸ்டர் வகைக் கிட்டாரில் தந்தியின் அதிரும் நீளம் 648 மில்லிமீற்றர். குதிரைக்குப் பக்கத்திலுள்ள பிக்கப் குதிரையிலிருந்து சுமார் 41 மில்லிமீற்றர் தூரத்தில் இருக்கிறது. கழுத்துப் பக்கப் பிக்கப் ஏறத்தாழ 162 மில்லிமீற்றரில். குதிரையருகே தந்தி இறுகக் கட்டுண்டிருப்பதால் முழு நீள அசைவு அங்கே மிகச் சிறியது. கணக்குப் போட்டால், கழுத்துப் பக்கப் பிக்கப்புக்குக் கிடைக்கும் அடிப்படை அசைவு குதிரைப் பக்கத்தை விட மூன்றரை மடங்கு அதிகம். ஒன்று கனமாகவும் மற்றது கூராகவும் ஒலிப்பது இதனால்தான். இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால், 162 என்பது 648இன் காற்பங்கு. தந்தி நான்கு துண்டுகளாக அசையும் மேற்றொனி அசைவற்று நிற்கும் புள்ளி சரியாக அங்கேதான் விழுகிறது. ஆகவே விரல் வைக்காத தந்தியில் அந்த மேற்றொனியைக் கழுத்துப் பிக்கப் கிட்டத்தட்டக் கேட்பதே இல்லை. எவ்வளவு விலை கொடுத்து வேறு பிக்கப் வாங்கிப் போட்டாலும், துளை அதே இடத்தில் இருக்கும்வரை இது மாறாது. கீச்சென்று குத்துகிறது என்பவர்கள் எந்தப் பிக்கப்பைத் தெரிவுசெய்து வாசிக்கிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு இந்த விடயம் முழுவதிலும் மிக அழகானதாகத் தெரிவது. பிக்கப் தனியாக வேலை செய்வதில்லை. அதன் சுருளுக்குத் தூண்டுதிறன் உண்டு. அதோடு இணையும் கேபிளின் உள்ளே நடுக் கம்பியும் வெளிப் பின்னலும் ஒன்றையொன்று தொடாமல் நெடுகப் போவதால், கேபிள் முழுவதுமே ஒரு நீண்ட கொள்ளளவி. தூண்டுதிறனும் கொள்ளளவமும் சேர்ந்தால் குறிப்பிட்ட ஒரு மீடிறனில் பரிவு உண்டாகும். வானொலியில் நிலையம் பிடிக்கும் அதே சுற்று. அந்தப் பரிவு மீடிறனை அண்டிய மேற்றொனிகள் எழுப்பிக் காட்டப்படும். அதற்கு மேலே உள்ளவை வேகமாக மங்கிவிடும்.

எண்களை வைத்துப் பார்ப்போம். ஒற்றைச் சுருள் பிக்கப்பின் தூண்டுதிறன் சுமார் 2.4 ஹென்றி. கேபிள் ஒரு மீற்றருக்கு 100 பிக்கோபரட் என்று கொள்வோம். ஆறு மீற்றர் கேபிள், கிட்டாருக்குள்ளே இருப்பதையும் சேர்த்து 700 பிக்கோபரட். பரிவு ஏறத்தாழ 3,900 ஹேட்ஸில் விழும். அதே கிட்டாரைப் பத்து மீற்றர் கேபிளில் போட்டால் பரிவு 3,100க்கு இறங்கிவிடும். பிக்கப்பைத் தொடவே இல்லை, குரல் மந்தமாகிவிட்டது. இனி, ஆறு மீற்றர் கேபிளை அப்படியே வைத்துக்கொண்டு 4.5 ஹென்றி உள்ள, அதிகச் சுற்றுகள் கொண்ட ஒரு பிக்கப்பைப் பொருத்துவோம். பரிவு 2,800. மனிதக் காது கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹேட்ஸ் வரையிலான பகுதியைத்தான். காதுக் குழாயின் சொந்தப் பரிவே 3,000ஐ ஒட்டி இருக்கிறது. பிக்கப்பின் பரிவு அந்தப் பகுதிக்குள்ளேயே ஏறி இறங்குவதால், சில நூறு ஹேட்ஸ் நகர்வையும் வேறொரு கிட்டாரின் குரல் போல நாம் உணர்கிறோம்.

கடைகளில் பலர் ஏமாறுவதும் இங்கேதான். “இது 14 கிலோ ஓம், பலமான பிக்கப்” என்று சொல்லி விற்பார்கள். சுற்றுகளைக் கூட்டினால் மின்னழுத்தம் கூடும், உண்மை. ஆனால் தூண்டுதிறன் சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். பத்து வீதம் அதிகம் சுற்றினால் தூண்டுதிறன் இருபத்தொரு வீதம் ஏறி, பரிவு ஒன்பது வீதம் கீழே இறங்கும். மொட்டைச் சத்தம் தீர வேண்டும் என்று போனவர் ‘பலமான’ பிக்கப்பை வாங்கி வந்து, முன்னிலும் மொட்டையான சத்தத்தோடு உட்கார்ந்திருப்பார். மேலும், கிலோ ஓம் என்பது கம்பியின் தடையைத்தான் சொல்கிறது. மெல்லிய கம்பியால் சுற்றினாலே தடை ஏறிவிடும், சுற்று கூடத் தேவையில்லை. பிக்கப் வாங்கும்போது கேட்க வேண்டிய எண் ஹென்றி. நல்ல தயாரிப்பாளர்கள் பலர் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

கிட்டாரிலுள்ள வொலியூம் குமிழும் இந்தச் சுற்றில் சேர்ந்ததே. ஒற்றைச் சுருளுக்கு வழக்கமாக 250 கிலோ ஓம், அடுத்துச் சொல்லப்போகும் இரட்டைச் சுருளுக்கு 500. தடை குறைந்தால் பரிவின் கூர் மழுங்கும். இரட்டைச் சுருள் பிக்கப்பைப் போட்டுவிட்டுப் பழைய 250 குமிழை அப்படியே விட்டால் ஒலி போர்வை போர்த்தியது போலாகிவிடும். குற்றம் புதிய பிக்கப்பின் தலையில் விழும்.

இரைச்சலுக்கு வருவோம். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேட்ஸ். ஓட்டம் பாயும் ஒவ்வொரு வயரைச் சுற்றியும், ஒவ்வொரு மின்மாற்றியைச் சுற்றியும் நொடிக்கு ஐம்பது முறை மாறும் காந்தப் புலம் இருக்கிறது. எண்ணாயிரம் சுற்றுச் சுருளுக்குத் தந்தியின் அசைவும் தெருவிளக்கு வயரும் ஒன்றுதான். கோயில் மேடையில் அலங்கார விளக்குகள், குழல் விளக்கின் சோக், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிமர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். டிமர் மின்னலையை நடுவிலே வெட்டுவதால் 50இன் மடங்குகளில் கூரான இரைச்சல் வேறு சேரும். இந்த ஒரு குறைக்கு மட்டும் பிக்கப்பை மாற்றுவது மெய்யான தீர்வு. கிப்சன் நிறுவனத்தில் வேலை செய்த சேத் லவர் 1955இல் விண்ணப்பித்து 1959இல் காப்புரிமை பெற்ற ஹம்பக்கர் அதற்காகவே பிறந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுருள்கள். ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டவை. காந்த முனைகளும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி நுழைந்து, எதிர் இணைப்பால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். தந்தியின் சமிக்ஞையோ காந்த முனையாலும் ஒரு முறை, இணைப்பாலும் ஒரு முறை என்று இருமுறை தலைகீழாவதால் மீண்டும் நேராகிக் கூடிவிடும். ஒரு பொறியியலாளரின் மூளையில் உதித்த மிகச் சுத்தமான யோசனைகளில் ஒன்று இது. அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. தூண்டுதிறன் கூடுகிறது, தந்தியின் இரண்டு இடங்களை ஒரே நேரத்தில் கேட்பதால் தடித்த தந்திகளின் மிக உயர்ந்த மேற்றொனிகள் சில மறைகின்றன. ஒற்றைச் சுருளின் பளிச்சென்ற குரல் வேண்டும், இரைச்சல் வேண்டாம் என்பவர்கள், ஒற்றைத் துளைக்குள் அடங்கும்படி ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சுருள் வைத்த வகையைப் பார்க்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது என்றால், தந்திகள் கேபிள் வழியாக அம்பின் புவித்தொடுப்போடு இணைக்கப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம். அம்பில் எர்த் இல்லாமல், மேடையில் தற்காலிகமாக இழுத்த வயரில், மழையில் நனைந்த தரையில் நின்றுகொண்டு, ஒரு கை தந்தியிலும் வாய் மைக்கிலும் இருந்தால் உயிருக்கே ஆபத்து. 1972 மே மாதத்தில் ஸ்கொட்லாந்துக் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மேடையிலேயே எர்த் செய்யாத மைக்கைத் தொட்டு இறந்தார். மூன்று ஊசி பிளக்கின் எர்த் ஊசியை முறித்துவிட்டுச் செருகும் பழக்கம் உள்ள மேடையில் ஏறாதீர்கள். பிக்கப்பை மாற்றும்போது குதிரைக்குப் போகும் மெல்லிய எர்த் வயரை ‘இது எதற்கு’ என்று வெட்டிவிடவும் கூடாது.

காந்தத்தின் வகை பற்றி நிறையப் பேசுவார்கள். அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த அல்நிக்கோ ஒன்று. மலிவான கிட்டார்களில் வரும் பெரைட் மற்றது. என் பார்வையில் காந்தத்தின் பெயரை விட அதைச் சுற்றியுள்ள உலோகம் கூடுதலாகப் பேசுகிறது. மலிவான பிக்கப்களில் சுருளின் நடுவே இரும்புத் தண்டுகளும் கீழே பெரைட் பட்டையும் இருக்கும். இரும்பு தூண்டுதிறனை ஏற்றும். மேலே பித்தளை மூடி இருந்தால் அதில் சுழலோட்டங்கள் பிறந்து உயர்ந்த மேற்றொனிகளைத் தின்றுவிடும்.

இனி செலவில்லாத வேலை. பிக்கப்பின் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு திருகாணி இருக்கும். அது அழகுக்காக இல்லை, உயரத்தைச் சரிசெய்ய. கடைசிப் பிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்திக்கும் காந்தத் தண்டுக்கும் இடையிலுள்ள வெளியை அளந்து பாருங்கள். 2 முதல் 3 மில்லிமீற்றர் வரை நல்ல தொடக்கம். தடித்த தந்திப் பக்கம் சற்றுத் தாழ்வாக இருக்கட்டும். கழுத்துப் பக்கத்தில் தந்தி அகலமாக ஆடும் என்பதால் அந்தப் பிக்கப் இன்னும் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். மிக நெருங்கினால் சத்தம் கூடும்தான். ஆனால் காந்தம் தந்தியையே இழுத்துப் பிடிக்கும். மேல் பிரெட்டுகளில் சுரம் தள்ளாடும், ஒரே தந்தியில் இரண்டு சுரம் உரசுவது போலக் கேட்கும், எவ்வளவு சுருதி சேர்த்தாலும் நிற்காது. இப்படிப் பழுதென்று ஒதுக்கப்பட்ட ஒரு கிட்டாருக்கு அரைச் சுற்றுத் திருப்புளியே போதுமாக இருக்கலாம்.

நம் பக்கத்து ஈரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பக்கத்து வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். தந்தியிலிருந்து உதிரும் உருக்குத் துகள் காந்தத் தண்டுகளில் ஒட்டி, மழைக்காலத்தில் பழுப்புத் தூளாகத் துருப்பிடித்து, தண்டைச் சுற்றியுள்ள இடுக்கு வழியாகச் சுருளுக்குள் இறங்கும். ஒட்டும் நாடாவை அழுத்தி எடுத்தால் அந்தத் தூள் வந்துவிடும். கிட்டாரைத் திறந்தால் குமிழ்களின் காலில் பச்சைக் களிம்பு தெரியலாம். அப்படியானால் மொட்டைச் சத்தத்துக்கும் கரகரப்புக்கும் காரணம் அந்த மூட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டு மீண்டும் சோல்டர் செய்து பாருங்கள். மல்ற்றிமீற்றரை பிக்கப்பின் இரண்டு வயரிலும் வைத்தால், வழக்கமான ஒற்றைச் சுருள் என்றால் 5 முதல் 8 கிலோ ஓம் காட்ட வேண்டும். தடை எல்லையற்றது என்று காட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. அப்போதுதான், இரைச்சல் தாங்க முடியாதபோதும்தான், மாற்றும் பேச்சுக்கே இடம்.

மாற்றுவதென்று முடிவானால், தந்திகளைக் கழற்றும் முன் உள் இணைப்புகளைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். புதிய பிக்கப் தண்டுகளின் இடைவெளி தந்திகளின் இடைவெளிக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். இரண்டு பிக்கப்பைச் சேர்த்து வாசிக்கும்போது ஒலி தகரம் போல மெலிந்தால் ஒன்றின் இணைப்பு மற்றதற்கு எதிராக இருக்கிறது. முள் உள்ள பழைய மீற்றர் இருந்தால் இதைச் சோல்டர் செய்யும் முன்பே அறியலாம். மீற்றரை பிக்கப்பின் வயர்களில் இணைத்து, திருப்புளியின் நுனியைக் காந்தத் தண்டில் வைத்துச் சட்டென்று இழுங்கள். முள் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பாருங்கள். பழையதிலும் புதியதிலும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். எதிர்ப் பக்கம் துள்ளினால் புதியதன் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பற்ற வைத்தால் சரி. உலோக மூடியுள்ள பிக்கப் என்றால் மட்டும், மூடியின் எர்த் தனி வயராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மூடியே அன்டெனா ஆகிவிடும். கிட்டாரின் மூடியைத் திருகும் முன் கேபிளைச் செருகி, சத்தத்தைக் குறைத்து வைத்து, ஒவ்வொரு தண்டையும் திருப்புளியால் மெல்லத் தொடுங்கள். அம்பில் ‘டொக்’ என்று கேட்டால் இணைப்பு சரி. பிறகு தந்தி கட்டி, சுருதி சேர்த்து, உயரத்தை மறுபடி அளந்துகொள்ளுங்கள். கழற்றிய பழைய பிக்கப்பின் வயரைக் குட்டையாக வெட்டாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள். வேறொரு தோட்டத்துப் பையனின் கிட்டாரில் சுருள் அறுந்து கிடக்கலாம்.